34 பீஸ் கிச்சன் செட் ரிவ்யூ: கவுத்துப் பாத்தப்பதான் விஷயமே புரிஞ்சுது

முதல்ல கணக்க சொல்லிடறேன். 34 பீஸ்னு பெருசா போட்டிருந்தாங்களேன்னு ஆசைப்பட்டு ஆர்டர் போட்டுடாதீங்க, அதுல 14 மூடி. மூடியையும் தனி பீஸா எண்ணுவாங்கன்னு எனக்கு அப்ப தோணல. மூடிய கழிச்சா ஆறு ஜாடி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற அஞ்சு டப்பா, பிடி வெச்ச ரெண்டு பெரிய பாட்டில், நாலு கண்ணாடி மாதிரி டம்ளர், ஒரு ஜக்கு, ஒரு கருப்பு ட்ரே, அப்புறம் ஃப்ரீன்னு சொல்லி ஒரு ரோல் கிளிங் ராப். மொத்தம் 20. ஆன்லைன்ல விக்கறவங்க எழுதியிருந்தது நாலே நாலு வாக்குறுதி: ஃபுட் கிரேட், பிபிஏ ஃப்ரீ (சில பிளாஸ்டிக் செய்ய யூஸ் ஆகற பிபிஏங்கற கெமிக்கல் இல்லாதது), மைக்ரோவேவ் சேஃப், நூறு சதவீதம் ரீசைக்கிள் ஆகும். மூணு மாசமா யூஸ் பண்றேன். இதுல கடைசி மூணும் எந்த அளவுக்கு நெசம்னு ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், அவசரம்னா கடைசில ரேட்டிங் இருக்கு அத மட்டும் பாத்துட்டு போயிடுங்க.

வந்த அன்னிக்கே ஒரு ஜாடி போச்சு. புதுசு, கழுவிட்டு யூஸ் பண்ணலாம்னு கெட்டில்ல கொதிச்ச தண்ணிய அப்படியே ஊத்தினேன். ஊத்தி பத்து செகண்ட் கூட ஆகல, ஜாடி கழுத்துக்குக் கீழ உள்ள இழுத்துகிச்சு, அடிப்பக்கம் கோணிகிட்டு டேபிள்ல நிக்காம சாயுது, கண்ணாடி மாதிரி இருந்த இடம் ஓரத்துல வெள்ளையா மங்கிப் போச்சு. மட்டமான ஜாடின்னு திட்டிட்டு ரிட்டர்ன் போடலாம்னு கவுத்து போட்டோ எடுக்கும்போதுதான் அடியில பாத்தேன், மூணு அம்பு சுத்தி ஒரு முக்கோணம், நடுவுல 1. அத கூகுள் பண்ணி உக்காந்தவன்தான், அன்னிக்கு ராத்திரி செட் மொத்தத்தையும் தரையில கவுத்து வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்துட்டிருந்தேன்.

1-ன்னா பெட், அதாவது பாலிஎதிலீன் டெரிப்தாலேட். தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில் எல்லாம் இதுதான். இது சுமார் 70 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும். உருகறது என்னமோ 250 டிகிரிக்கு மேலதான், ஆனா உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே கெட்டித்தன்மை போயிடுது, ஊதி இழுத்து செஞ்ச பொருள்ங்கறதால சூடு பட்டதும் பழைய உருவத்துக்கே திரும்பப் பாக்குது, அதான் சுருங்குது. ஊதி செஞ்சதுன்னு எப்படித் தெரியும்னா, ஜாடி அடியில நட்ட நடுவுல குட்டியா ஒரு புள்ளி தட்டுப்படும், விரல வெச்சுத் தேய்ச்சா தெரியும். முதல்ல டெஸ்ட் ட்யூப் மாதிரி ஒண்ண அச்சுல வார்த்துட்டு அப்புறம் அத சூடாக்கி காத்து அடிச்சு விரிக்கறாங்க, அந்த வார்த்த வாய்தான் அந்தப் புள்ளி. ஸோ தப்பு ஜாடி மேல இல்ல, கொதிக்கற தண்ணி ஊத்தின என் மேலதான். ஆனா மைக்ரோவேவ் சேஃப்னு மொத்த செட்டுக்கும் ஒரே வரி எழுதினது யாரு? நானா?

மீதி அஞ்சு ஜாடி நல்லாவே இருக்கு. உலர்ந்த சாமான் போட்டு வெக்க பிரமாதம், கீழ விழுந்தா உடையல, உள்ள என்ன இருக்குன்னு தெரியுது, வாசனை ஏறல. ஜில்லுனு இருந்தாலும் சாதா சூடுல இருந்தாலும் பிரச்சனை இல்ல.

இதுக்கு நடுவுல அக்காவுக்கு போட்டோ அனுப்பினேன். அவ உடனே ஒரு ஃபார்வர்ட் மெசேஜ் தட்டிவிட்டா. 1 போட்டிருந்தா ஒரு தடவதான் யூஸ் பண்ணனும், 2 போட்டிருந்தா ரெண்டு தடவ, 5 இருந்தா அஞ்சு வருஷம், 7 இருந்தா விஷம்னு பச்ச டிக்கும் செவப்பு பெருக்கலுமா போட்டு. நான் சொன்னேன், அக்கா அது தரம் பிரிக்கற நம்பர் இல்ல, மார்க்கும் இல்ல, என்ன பொருள்ல செஞ்சதுன்னு சொல்ற பேருதான்னு. அதுக்கு அவ, அப்ப எதுக்குடா ரீசைக்கிள் அம்பு போட்டிருக்கான்னு கேட்டா. கேள்வி நியாயமானது, அங்கதான் எல்லாரும் ஏமாறறோம்.

கதை இதுதான். மூணு அம்பு துரத்திக்கற அந்த ரீசைக்கிள் சின்னத்த 1970-ல ஒரு போட்டிக்காக கேரி ஆண்டர்சன்னு ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் வரைஞ்சாரு. போட்டிய நடத்தினது அட்டைப்பெட்டி செய்யற ஒரு அமெரிக்க கம்பெனி, அப்ப பிளாஸ்டிக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 1988-ல அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் பிளாஸ்டிக்குக்கு 1-லேர்ந்து 7 வரைக்கும் நம்பர் குடுத்தாங்க, பழைய சாமான தரம் பிரிக்கறவங்களுக்கு எது எந்த பிளாஸ்டிக்னு தெரியட்டும்னு. அந்த நம்பர சுத்தி கிட்டத்தட்ட அதே அம்ப வெச்சுட்டாங்க. அம்ப பாத்த நம்ம எல்லாரும் இது ரீசைக்கிள் ஆகும்னு எடுத்துகிட்டோம். இப்ப இந்த நம்பர் முறைய கவனிக்கறது ஏஎஸ்டிஎம்ங்கற தர அமைப்பு, இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் 2013-ல அம்ப எடுத்துட்டு வெறும் முக்கோணம் போடணும்னு மாத்தினாங்க. என் செட்டுல ஒரு பொருள்ல கூட அந்த வெறும் முக்கோணம் இல்ல, நம்பர் போட்டது எல்லாத்துலயும் அம்புதான். எஃகு அச்ச ஒரு தடவ வெட்டிட்டா வருஷக்கணக்கா ஓட்டறாங்க, யாரு மாத்தப் போறா.

அச்சு பத்தி சொல்லும்போது ஞாபகம் வருது, டப்பா அடியில நம்பர் பக்கத்துல சின்ன கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கும் பாருங்க, சுத்தி 1-லேர்ந்து 12 வரைக்கும், நடுவுல ஒரு அம்பும் அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நம்பரும். நான் ரொம்ப நாளா அதுவும் ஏதோ ரீசைக்கிள் கோட்னு நெனச்சிட்டிருந்தேன். அது டப்பாவ வார்த்த மாசமும் வருஷமும். என் டப்பா நான் வாங்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி வார்த்ததுன்னு அதுல இருந்துதான் தெரிஞ்சுது. பிளாஸ்டிக் கெட்டுப்போகாதுதான், இருந்தாலும் நியூ அரைவல்னு விளம்பரத்துல போட்டிருந்தத நெனச்சா சிரிப்பு வருது.

சரி பாட்டிலுக்கு வரேன். ரெண்டு பெரிய பாட்டில், பால் வெள்ளைல, பிடியோட. நம்பர் 2, எச்டிபிஇ, அடர்த்தி கூடின பாலிஎதிலீன். இந்த செட்டுலயே ஒழுங்கான பொருள் எதுன்னு கேட்டா இதத்தான் சொல்லுவேன். தொட்டுப் பாத்தா மெழுகு மாதிரி லேசா வழுக்கும், நகத்தால கீறினா கோடு விழும், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கவே இருக்காது. அடியில புள்ளிக்கு பதிலா நீளமா ஒரு தழும்பு மாதிரி கோடு ஓடும், சூடான குழாய ரெண்டு அச்சுக்கு நடுவுல கவ்வி ஊதினதால வர்ற தையல் அது. ஷாம்பூ பாட்டில், துணி சோப்பு லிக்விட் பாட்டில் எல்லாத்தையும் கவுத்துப் பாருங்க, பெரும்பாலும் அதே தையல்தான். சோப்பு, ஆசிட், உப்பு எதுக்கும் அசராது. ரெண்டு தடவ கைதவறி கீழ போட்டேன், முனை நசுங்கினதோட சரி. மூடி மட்டும் 5, பாலிப்ரோப்பிலீன், அதுல மடிஞ்சு தொறக்கற மெல்லிசு கீல் இருக்கு. மூணு மாசமா ஒரு நாளைக்கு பத்து தடவ தொறந்து மூடறோம், கீல் விட்டுப்போகல, மடியற எடத்துல வெள்ளையா ஒரு கோடு மட்டும் வந்திருக்கு. அப்படி மடிச்சு மடிச்சு எடுத்தாலும் அறாம இருக்கறது பாலிப்ரோப்பிலீனோட தனி வித்தை, அதனாலதான் இந்த மாதிரி மூடி எல்லாம் அதுலயே வருது.

அந்த 5-ல செஞ்ச அஞ்சு டப்பாதான் தினமும் ஓடற ஐட்டம். பிபின்னு சுருக்கமா போட்டிருக்கும். இது உருகறது 160 டிகிரி சுமாருக்கு, அதனால கொதிக்கற தண்ணி ஊத்தினாலும் அசையல, மைக்ரோவேவ்லயும் ஈரப்பதமான சாப்பாடு நூறு டிகிரிய சுத்திதான் நிக்கும், ஸோ தாங்குது. மைக்ரோவேவ் சேஃப்ங்கற வாக்குறுதி இந்த அஞ்சுக்கு மட்டும் செல்லும். அதுலயும் ஒரு கொக்கி. எண்ணெயும் தக்காளியும் நிறைய இருந்தத சூடு பண்ணப்போ டப்பா உள்பக்கம் எண்ணெய் மட்டம் நின்ன இடத்துல ஒரு வளையமா சொரசொரன்னு ஆகிடுச்சு, செவப்பு கறை எத்தனை தேய்ச்சாலும் போகல. தண்ணி மாதிரி எண்ணெய் நூறு டிகிரில நிக்காது, ஏறிகிட்டே போகும், அந்த எடத்துல மட்டும் பிளாஸ்டிக்கோட தோலு கருகின மாதிரி ஆயிடுது. மைக்ரோவேவ் சேஃப்ங்கறது டப்பா உருகி ஊத்தாதுங்கற வாக்கு மட்டும்தான்னு இப்ப எடுத்துக்கறேன். எண்ணெய் ஐட்டம் எல்லாம் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாத்திட்டேன்.

இந்த டப்பாவோட மூடி வேற ஜாதி. கையில எடுத்தா வளையுது, நெகிழுது, கவுத்தா 4, எல்டிபிஇ. பாலிஎதிலீன்லயே தளர்வான வகை, 1933-ல இங்கிலாந்துல ஐசிஐங்கற கெமிக்கல் கம்பெனி லேப்ல வேற எதையோ செய்யப்போய் எதேச்சையா கெடச்சது, ரெண்டாம் உலகப்போர்ல ராடார் கேபிளுக்கு உறையா போட்டாங்க, இப்ப நம்ம வீட்டுல பையா மூடியா கிடக்குது. இது நூறு டிகிரிக்குப் பக்கத்துலயே தொய்ஞ்சிடும். டப்பாவ மூடியோட மைக்ரோவேவ்ல வெச்சீங்கன்னா டப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, மூடி அலை அலையா வளைஞ்சு வெளிய வரும், அப்புறம் ஜென்மத்துக்கும் பொருந்தாது. எனக்கு ரெண்டு மூடி அப்படிப் போச்சு. டப்பா மேல 5 பாத்துட்டு முழு டப்பாவையும் 5-ன்னு நம்பினதுதான் காரணம். டப்பாவையும் மூடியையும் தனித்தனியா கவுத்துப் பாக்கணும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மூடி மிச்சம்.

கிளிங் ராப் ஃப்ரீயா வந்தது, அட்டைப்பெட்டி ஓரத்துல 3 போட்டிருக்கு. பிவிசி. நல்லா ஒட்டுது, பாலிஎதிலீன்ல வர்ற ராப்ப விட இறுக்கமா பிடிக்கும், அதுக்காகத்தான் அதுல செய்யறாங்க. ஆனா பிவிசிங்கறது இயல்புல குழாய் மாதிரி கெட்டியான பொருள், அத இப்படி மெல்லிசா நெகிழ வைக்கணும்னா மென்மையாக்கின்னு ஒரு பொருள கலக்கணும், அந்த மென்மையாக்கி கொழுப்புலயும் எண்ணெயிலயும் மெல்ல மெல்ல எறங்கும். நான் இத பழம், நறுக்கின காய் மூட யூஸ் பண்றேன், சூடா இருக்கறது மேலயும் எண்ணெய் பதார்த்தம் மேலயும் ஒட்டறதில்ல. எரிக்கறது மட்டும் கூடவே கூடாது. சுத்தமான பிவிசி எடையில பாதிக்கு மேல குளோரின், எரிச்சா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகையா வரும், கூடவே டையாக்சின்ங்கற விஷப் பொருளும்.

டம்ளர் நாலு. பாக்க அழகு, பளபளன்னு கண்ணாடிய தோக்கடிக்கும். மேஜை மேல வெச்சு விரலால சுண்டினா டிங்குன்னு ஒரு தகர சத்தம் வரும், அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நம்பர் 6, பாலிஸ்டைரீன். தெர்மகோலும் இதே பொருள்தான், அதுல 95 சதவீதத்துக்கு மேல வெறும் காத்து, இதுல காத்து இல்ல அவ்ளோதான் வித்தியாசம். முதல் வாரமே ஒண்ணு சிங்க்ல விழுந்து நேர் கோடா பொளந்துகிச்சு. இன்னொண்ணுல ஆரஞ்சு தோல கொஞ்ச நேரம் போட்டு வெச்சேன், தோல் எண்ணெய் பட்ட இடம் மங்கி பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அந்த எண்ணெய்க்கு பாலிஸ்டைரீன கரைக்கற குணம் உண்டு. சூடும் ஆகாது, நூறு டிகிரியத் தொடறதுக்குள்ள இளகிடும். ஜில் தண்ணி குடிக்கலாம், அவ்ளோதான். நாலுல ரெண்டு மிச்சம் இருக்கு, பேனா போட்டு வெச்சிருக்கேன்.

இப்ப ஜக்கு. இதுக்காகத்தான் இந்த ரிவ்யூவே எழுத உக்காந்தேன்.

ஜக்கு கனமா, தெளிவா, சுத்தியலால அடிச்சாலும் உடையாத மாதிரி இருக்கு. கொதிக்கற தண்ணி ஊத்தினேன், அசையல. ஜாடில சூடு பட்டுகிட்டதால இந்த தடவ கொஞ்சம் பயந்துகிட்டேதான் ஊத்தினேன், ஆனா கல்லு மாதிரி நின்னுச்சு. ஆஹா இதுதான்டா பொருள்னு நெனச்சு கவுத்தா 7, அதுக்குக் கீழ குட்டியா பிசி. 7-ங்கறது ஒரு பிளாஸ்டிக் பேரே இல்ல, முதல் ஆறுல சேராதது எல்லாத்தையும் தள்ளி வெக்கற மூலை. நைலான், அக்ரிலிக், சோளத்துலேர்ந்து செய்யற பிஎல்ஏ, பல லேயர் ஒட்டின பொருள், எல்லாம் 7தான். அதனால 7-ன்னாலே விஷம்னு சொல்ற அக்காவோட ஃபார்வர்டும் தப்பு, 7-ன்னா ஒண்ணும் இல்லன்னு விட்டுடறதும் தப்பு, கீழ என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். பிசின்னா பாலிகார்பனேட். அத செய்யறதே பிஸ்பீனால் ஏ-ய வெச்சுதான், நாம சுருக்கமா பிபிஏங்கறோமே அதேதான். அதாவது பிபிஏ ஃப்ரீன்னு எழுதி பிபிஏ-லயே செஞ்ச ஜக்க அனுப்பியிருக்காங்க.

மீதி டப்பாவுல பிபிஏ இல்லங்கறது உண்மைதான், ஆனா அது பெருமைப்பட ஒண்ணும் இல்ல. பாலிஎதிலீன்லயோ பாலிப்ரோப்பிலீன்லயோ பிபிஏ சேர்க்கற வேலையே கிடையாது. உப்பு டப்பா மேல சர்க்கரை கலக்காததுன்னு எழுதின மாதிரி. எந்த ஒரு பொருளுக்கு அந்த வரி அவசியமா அதுல மட்டும் அது பொய்.

பாலிகார்பனேட்டுல சூடான தண்ணி, காரமான சோப்பு, பல தடவ கழுவறது, இதெல்லாம் சேர்ந்தா பிபிஏ கொஞ்சம் கொஞ்சமா எறங்கும், கீறல் விழுந்து பழசாகிட்டா இன்னும் கூடும். அது ஹார்மோன் மாதிரி வேலை செய்யற பொருள்ங்கறதுதான் கவலை. கைக்குழந்தை பால்பாட்டில்ல இத தடை பண்ணி ஐரோப்பிய யூனியன்ல 2011-லேர்ந்தே நிறுத்திட்டாங்க, அமெரிக்கால 2012, சாப்பாடு படற பொருள் எல்லாத்துக்குமே ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர்ல தடை கொண்டு வந்தாங்க, கம்பெனிகளுக்கு மாத்திக்க டைம் குடுத்திருக்காங்க. விக்கறவங்களுக்கு ஜக்கு அடிய போட்டோ எடுத்து அனுப்பி, இது பாலிகார்பனேட், நீங்க பிபிஏ ஃப்ரீன்னு போட்டிருக்கீங்க, எப்படின்னு கேட்டேன். ஆறு நாள் கழிச்சு பதில்: "சார் அனைத்துப் பொருளும் உயர்தர ஃபுட் கிரேட், கவலையின்றி பயன்படுத்துங்கள், ஐந்து ஸ்டார் கொடுத்து ஆதரவு தாருங்கள்." நான் திரும்பவும் பிசின்னா என்னன்னு விளக்கி எழுதினேன். அதுக்கு ஒரு கும்பிடு எமோஜி வந்துச்சு.

கடைசியா ட்ரே. கருப்பு, நம்பரே இல்ல, கவுத்தா வழவழன்னு மொட்டை. இது என்னன்னு கண்டுபிடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, ஆனா ஜாலியா இருந்துச்சு. ஓரத்துல குண்டூசி தலை அளவு ஒரு துண்டு வெட்டி எடுத்தேன். தண்ணி டம்ளர்ல ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விட்டேன், இல்லாட்டி துண்டுல காத்துக்குமிழி ஒட்டிகிட்டு மிதக்கற மாதிரி ஏமாத்தும். ஸ்பூனால அழுத்தி உள்ள தள்ளிவிட்டேன். 2, 4, 5 மூணும் தண்ணிய விட லேசு, தள்ளினாலும் மேல வந்துடும். இது மூழ்கிடுச்சு. அப்ப 1, 3, 6, இல்ல 7. இன்னொரு டம்ளர்ல உப்ப கரையற வரைக்கும் கரைச்சு, இதுக்கு மேல கரையலங்கற அளவுக்குப் போட்டு அதுல விட்டேன். மெதுவா மேல ஏறி மிதந்துச்சு. பெட்டும் பிவிசியும் அவ்ளோ உப்புலயும் மூழ்கும், பாலிஸ்டைரீன் தண்ணிய விட கொஞ்சூண்டு தான் கனம், அதனால உப்புத் தண்ணில தப்பிச்சுடும். 7-ல வர்ற ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக்கும் இதே மாதிரி மிதக்கும், ஆனா அது ஒடியாம வளைஞ்சு குடுக்கும், இது ஓரத்த வளைச்சதும் சட்டுனு ஒடிஞ்சுது. ஸோ நான் 6-ன்னு எழுதி டேப் ஒட்டிட்டேன். கோணிப்போன ஜாடியோட துண்ட அதே உப்புத் தண்ணில போட்டேன், கல்லு மாதிரி அடிக்குப் போச்சு, டம்ளர் துண்டு ட்ரே துண்டோட சேந்து மேல மிதந்துச்சு. ரீசைக்கிள் ஆலைலயும் இதே வேலையத்தான் பெரிய தொட்டில பண்றாங்க. பாட்டில பொடிசா நறுக்கி தண்ணில கொட்டினா பெட் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், தனித்தனியா வழிச்சு எடுத்துக்கலாம்.

இப்ப நாலாவது வாக்குறுதி, நூறு சதவீதம் ரீசைக்கிள். என் செட்டுல வந்த ஏழு வகையும் சூடாக்கினா இளகறதுங்கறதால லேப்ல எதையும் உருக்கி வார்க்கலாம்தான். நெசத்துல நடக்கறது வேற. உலகம் 2015 வரைக்கும் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்ல ரீசைக்கிள் ஆனது 9 சதவீதம் சுமார், எரிச்சது 12, மீதி எல்லாம் குப்பை மேட்டுலயோ மண்ணுலயோ. ஏன்னு என் செட்ட வெச்சே சொல்லலாம். பெட்டும் பிவிசியும் ரெண்டுமே தண்ணில மூழ்கும், தொட்டில பிரிக்க முடியாது. பெட்ட உருக்கற சூட்டுல பிவிசி கருகி ஆசிட்ட கக்கி பெட்டோட மூலக்கூறு சங்கிலிய அறுத்துப் போட்டுடும், கொஞ்சூண்டு கலந்தாலே அந்த லாட்டு மஞ்சளாகி கருப்புப் புள்ளி விழுந்து காலி. கிளிங் ராப்பும் எல்டிபிஇ பையும் பிரிக்கற மெஷின் ரோலர்ல நூல் மாதிரி சுத்திகிட்டு மெஷினயே நிறுத்திடும். தெர்மகோல லாரில ஏத்தினா காத்த ஏத்தின மாதிரி, டீசல் காசு கூட தேறாது. கருப்பு ட்ரே கதை இன்னும் மோசம். பிரிக்கற மெஷின் அகச்சிவப்பு வெளிச்சத்த அடிச்சு திரும்பி வர்றத பாத்துதான் எது எந்த பிளாஸ்டிக்னு கண்டுபிடிச்சு காத்த ஊதி தள்ளுது. கருப்புக்குப் போடற கரித்தூள் வெளிச்சத்த முழுசா முழுங்கிடுது, மெஷினுக்கு பெல்ட்டுல ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். அதுக்கு நம்பர் போட்டிருந்தாலும் போடாட்டியும் ஒண்ணுதான், மெஷின் முக்கோணத்த படிக்கறதே இல்ல.

ஒரே நம்பர் இருந்தாலும் ஒரே பொருள்னு இல்ல. ஊதி செய்யற 2-ம் அச்சுல வார்க்கற 2-ம் உருகி ஓடற வேகத்துல வேற வேற, ஒண்ணா கலந்தா பாட்டிலும் ஒழுங்கா வராது டப்பாவும் வராது. அதனாலதான் சில எடத்துல 2 போட்ட பாட்டில எடுத்துக்கறாங்க, அதே 2 போட்ட அகலமான டப்பாவ வேணாங்கறாங்க. நல்லா ரீசைக்கிள் ஆகறது 1 போட்ட பாட்டிலும் 2 போட்ட பாட்டிலும்தான், 5 இப்ப இப்ப சில எடத்துல எடுக்கறாங்க. என் செட்டோட 34 பீஸ்ல அந்த மாதிரி உருப்படியா திரும்பற வாய்ப்பு இருக்கறத எண்ணிப் பாத்தேன்: ரெண்டு பாட்டில், ஆறு ஜாடி, இரக்கம் காட்டினா அஞ்சு டப்பா. நூறு சதவீதம்னு எழுதினவருக்கு கணக்கு வராதோ, இல்ல மூடிய எண்ணின கையோட எழுதிட்டாரோ.

ரேட்டிங்: பாட்டிலுக்கு அஞ்சு ஸ்டார், பிபி டப்பாவுக்கு நாலு, ஜாடிக்கு கொதிதண்ணி ஊத்த மாட்டீங்கன்னா நாலு, மூடிக்கு ரெண்டரை, கிளிங் ராப் ஃப்ரீ அதனால விட்டுடறேன், டம்ளருக்கு ஒண்ணு, ட்ரேக்கு ஒண்ணு. ஜக்கு பொருளா நல்ல பொருள்தான், பொய் சொன்னதுக்காக பூஜ்யம். மொத்தத்துக்கு அஞ்சுக்கு ரெண்டரை. இதே மாதிரி செட் வாங்கறதா இருந்தா பாட்டிலும் டப்பாவும் மட்டும் தனியா விக்கறாங்களான்னு பாருங்க, விக்கறவங்ககிட்ட அடிப்பக்கம் போட்டோ கேளுங்க, முகப்பு போட்டோ எல்லாம் அழகாத்தான் இருக்கும்.

அப்டேட்: அக்கா வந்திருந்தா, டேப் ஒட்டி நம்பர் எழுதி வெச்சிருக்கற டப்பாவ எல்லாம் பாத்து அரை மணி நேரம் சிரிச்சா. போகும்போது அந்த ஜக்க நான் எடுத்துக்கறேன்டான்னா. ஏன்க்கா 7 விஷம்னு நீதானே அனுப்பினன்னு கேட்டேன். குடிக்க இல்லடா, பால்கனி செடிக்குத் தண்ணி ஊத்தன்னு சொல்லி மூடிய என்கிட்டயே விட்டுட்டு தூக்கிட்டுப் போயிட்டா. இப்ப என்கிட்ட மூடிய கழிச்சு உருப்படியா 16 பீஸும், ஜக்கே இல்லாத ஒரு ஜக்கு மூடியும் இருக்கு. கவுத்துப் பாத்தேன், 5.